பாலாடை முதல் டம்ளர் வரை

பிறந்து நான்கு மாதம். அதுவரை மளமளவென்று ஏறிவந்த எடை இப்போது கொஞ்சம் தயங்குகிறது. வளர்ச்சி அட்டையில் குழந்தைக்குரிய புள்ளி அச்சடித்த கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. மருத்துவர் நெற்றியைச் சுருக்குகிறார். "பால் பத்தல போலிருக்கே" என்கிறார் பாட்டி. மறுநாள் வீட்டுக்குப் பால்பொடி டப்பா வந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் நூற்றாண்டில் பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்த கதை இது. பெரும்பாலான வீடுகளில் தாய்க்கும் குறையில்லை, குழந்தைக்கும் குறையில்லை. குறை அட்டையில் இருந்தது.

அந்த அட்டையின் பூர்வீகம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். அங்கிருந்த ஃபெல்ஸ் ஆய்வு நிறுவனம் 1929இல் தொடங்கி 1975 வரை அந்த வட்டாரக் குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் அளந்து குறித்துவந்தது. அமெரிக்கச் சுகாதாரப் புள்ளியியல் மையம் 1977இல் வளர்ச்சிக் கோடுகளை வெளியிட்டபோது, சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான பகுதியை இந்த அளவுகளை வைத்துத்தான் வரைந்தது. உலக சுகாதார நிறுவனம் அதையே எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. ஆனால் அளக்கப்பட்டவர்கள் ஒரே பகுதியைச் சேர்ந்த வெள்ளையர் குழந்தைகள்; பெரும்பாலோர் புட்டிப்பாலில் வளர்ந்தவர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக எடை போட்டுவிட்டுப் பிறகு நிதானத்துக்கு வரும். புட்டிப்பால் குழந்தையின் கோட்டில் அதை வைத்துப் பார்த்தால், நிதானமே நோயாகத் தெரியும்.

இந்தக் கோளாறைச் சரிசெய்யக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆயின. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் புதிதாக அளந்தது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பால் குடித்து, புகைபிடிக்காத தாய்மாரிடம், வசதிக் குறைவில்லாத சூழலில் வளர்ந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். 2006இல் வெளிவந்த புதிய கோடுகளின்படி, நல்ல சூழல் அமைந்தால் ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள்.

அட்டை மாறியது, அச்சம் போகவில்லை. பாலூட்டுவதைத் தாய்மார் முன்கூட்டியே நிறுத்துவதற்குச் சொல்லும் காரணங்களில் "பால் போதவில்லை" என்பது இன்றைக்கும் முன்வரிசையில் நிற்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) தமிழ்நாட்டைப் பற்றித் தரும் கணக்கைப் பார்க்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 60.2 சதவீதத்தினர் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றவர்கள். இந்தியச் சராசரியான 41.8ஐவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்டவர்களில் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தரப்படாதவர்கள் இங்கே 55.1 சதவீதம், இந்தியச் சராசரி 63.7. தொடக்கத்தில் முந்திக்கொள்ளும் மாநிலம் நடுவழியில் பின்தங்குகிறது.

பால் எப்படிக் கணக்குப் பார்க்கிறது

பிரசவத்தில் நச்சுக்கொடி வெளியேறியதும் தாயின் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் சடாரென்று குறைகிறது. கர்ப்ப காலம் முழுக்கப் பால் சுரப்பை அடக்கிவைத்திருந்தது அந்த ஹார்மோன்தான். தடை நீங்கியதும் புரொலாக்டின் தன் வேலையைத் தொடங்க, இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மார்பு கனத்துப் பால் இறங்குகிறது. அதற்கு முன்பு சுரப்பது சீம்பால். முதல் நாள் முழுக்கச் சேர்த்தாலும் சீம்பால் சில மேசைக்கரண்டிதான் தேறும். புதிதாய்ப் பிறந்த குழந்தையின் வயிறு கொள்வதும் ஒரு வேளைக்குச் சில மில்லி லிட்டர்களே. இந்தச் சில நாள் இடைவெளியில்தான் சர்க்கரைத் தண்ணீரும் சேனையும் கழுதைப்பாலும் உள்ளே நுழைகின்றன. சேனையில் தேன் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. தேனில் ஒளிந்திருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகளைச் சமாளிக்க ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலுக்கு வலுவில்லை.

முதல் சில வாரங்களுக்குப் பிறகு சுரப்பின் கடிவாளம் ஹார்மோன்களிடமிருந்து மார்புக்கே கைமாறுகிறது. மார்பில் பால் தேங்கினால் உற்பத்தி மெதுவாகிறது. காலியானால் வேகம் பிடிக்கிறது. இரண்டு மார்பும் தனித்தனியே கணக்கு வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுரப்பது பல தாய்மாரிடம் சகஜம்.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹார்ட்மனின் குழு இதை அளந்தே பார்த்தது. ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகள் 71 பேரை, ஒவ்வொரு முறை பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டு, ஒரு நாள் முழுக்க எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். 2006இல் வெளியான முடிவு: சராசரி 788 கிராம். ஆனால் மிகக் குறைவாகக் குடித்த குழந்தைக்கு 478 கிராம். மிக அதிகமாகக் குடித்ததற்கு 1,356. எல்லாக் குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தன. இன்னொரு கணக்கும் கிடைத்தது. மார்பில் இருந்த பாலில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கைத்தான் குழந்தைகள் குடித்தன. மார்பை ஒட்டக் கறப்பது அவர்கள் வழக்கமல்ல. பசிக்குக் குடித்துவிட்டு வாயை எடுத்துவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையே ஒரு நாளில் குடிக்கும் மொத்த அளவும் பெரிதாகக் கூடுவதில்லை. வளர்ச்சி நிதானப்படுவதால் கூட வேண்டிய அவசியமும் இல்லை.

பால் குறைந்துவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டப் பயன்படுத்தும் அடையாளங்கள் பெரும்பாலும் வேறு விஷயங்களைச் சொல்பவை. ஆறு வாரம் கழிந்ததும் மார்பு மிருதுவாகிவிடுவது, சுரப்பு குழந்தையின் தேவைக்குப் பழகிவிட்டதைக் காட்டுகிறது. பம்ப் வைத்து எடுக்கும்போது சில துளிகளே வருவது பம்பின் திறமையைக் காட்டுகிறது; குழந்தையின் வாய் அதைவிடக் கைதேர்ந்த கருவி. பொழுது சாய்ந்தால் ஓயாமல் அழுவதும் அப்படித்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கியது. அந்த உச்சத்தில் நன்றாக இருக்கும் குழந்தைகளே நாளுக்கு ஏறக்குறைய இரண்டேமுக்கால் மணி நேரம் அழுதார்கள்.

நம்பத்தக்க அடையாளங்கள் கீழ்ப்பக்கத்திலிருந்து கிடைக்கின்றன. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, மலம் கருப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியதா, பிறந்ததும் குறைந்த எடை பத்துப் பதினான்கு நாளில் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்து சதவீதத்தை நெருங்கினால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். உண்மையாகவே பால் குறைவாகச் சுரக்கும் தாய்மாரும் உண்டு. கருப்பையில் நச்சுக்கொடியின் துண்டு தங்கிப்போனாலோ, தைராய்டு கோளாறு இருந்தாலோ, மார்பில் அறுவைசிகிச்சை நடந்திருந்தாலோ சுரப்பு தடைபடும். அவர்களுக்குப் பூண்டுக்குழம்பும் பால்சுறாப் புட்டும் மட்டும் போதாது. காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

வெயில் காலத் தாகத்துக்குத் தண்ணீர் புகட்டுவது இன்னொரு பழக்கம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை கத்திரி வெயிலிலும் அது போதும். வயிற்றில் தண்ணீர் நிறைந்தால் குழந்தை குறைவாகக் குடிக்கும், மார்பில் பால் தேங்கும், சுரப்பு குறையும். இல்லாத பற்றாக்குறையை ஒரு சங்குத் தண்ணீர் உண்டாக்கிவிடும்.

சப்புவது யார், ஊற்றுவது யார்

மார்பின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதற்கு மருத்துவ உலகம் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக ஒரே படத்தை நம்பியிருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்த பெண்களின் மார்பகப் பால் குழாய்களில் உருக்கிய மெழுகைச் செலுத்திப் பார்த்து, 1840இல் வெளியிட்ட நூலில் வரைந்த படம் அது. காம்புக்குப் பின்னால் பால் சேரும் சிறு பைகள் இருப்பதாகவும், குழந்தை அவற்றை ஈறால் அழுத்திப் பாலைப் பிதுக்குவதாகவும் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2005இல் ஹார்ட்மனின் குழுவினர் பாலூட்டும் தாய்மாருக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தார்கள். பை எதுவும் தென்படவில்லை. காம்பில் திறக்கும் முக்கியக் குழாய்களும் சராசரியாக ஒன்பதுதான். நூல்கள் சொன்னது பதினைந்து, இருபது. அதே பல்கலைக்கழகத்தில் டோனா கெட்டஸ் தலைமையில் 2008இல் வெளிவந்த ஆய்வு குழந்தையின் வாய்க்குள் நடப்பதைக் காட்டியது. நாக்கு கீழே இறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. பால் வருவது அந்த நொடியில்தான்.

பாலூட்டும்போது வலிப்பதற்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது. வாய் அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கரிய பகுதியிலும் பெரும்பங்கை உள்ளே வாங்கினால்தான், காம்பின் நுனி மெத்தென்ற பின் அண்ணத்தின் அருகே போய்ச் சேரும். காம்பை மட்டும் கவ்வினால், நாக்குக்கும் கடினமான முன் அண்ணத்துக்கும் நடுவில் அது நசுங்கும். வெடிப்பும் ரத்தமும் அதனால் வருவதே அதிகம். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றை ஒட்டி, மூக்கு காம்புக்கு நேரே இருக்குமாறு பிடித்து, வாய் பெரிதாகத் திறக்கும் வரை பொறுத்திருந்து அணைத்தால் பெரும்பாலும் வலி அடங்கும். அடங்காவிட்டால் நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

மார்பில் வேகத்தை முடிவு செய்வது குழந்தை. நாக்கை இறக்கினால் பால், நிறுத்தினால் நின்றுவிடும். பால்புட்டியில் விஷயம் வேறு. சாய்த்துப் பிடித்தால் குழந்தை சப்பாமல் ஓய்ந்திருக்கும்போதும் பால் சொட்டும். விழுங்கியே ஆக வேண்டும். மூச்சுவிடுவதையும் விழுங்குவதையும் ஒருங்கிணைக்க இன்னும் பழகாத குறைமாதக் குழந்தைக்கு அது பெரும் பாடு.

புட்டிக்கு முன்னால்

விலங்கின் பாலைக் குழந்தைக்குப் புகட்டுவது மிகப் பழைய வழக்கம். ஜெர்மனியின் பவேரியாவில் கி.மு. 1200 முதல் 450 வரையிலான காலத்துக் குழந்தைக் கல்லறைகளில் சிறு மூக்கு வைத்த மண் கலயங்கள் கிடைத்தன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜூலி டன் குழு, அவற்றில் மூன்றின் உட்சுவரில் ஊறியிருந்த கொழுப்பைப் பிரித்தெடுத்துச் சோதித்தது. அசைபோடும் விலங்குகளின் பால்தான் அது என்று 2019இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

ரப்பர் காம்பு வெகு பிந்தியது. நியூயார்க்கைச் சேர்ந்த எலிஜா பிராட் 1845இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் கண்ணாடிப் புட்டியில் நீண்ட ரப்பர் குழாயைச் செருகி, அதன் முனையில் காம்பை மாட்டிய வகை ஐரோப்பாவில் பெரும் விற்பனை கண்டது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை, யாரும் பிடித்துக்கொள்ளாமலே சப்பிக்கொள்ளலாம். குழாயின் உள்ளே தங்கிப்போன பாலைக் கழுவ வழியே இல்லை. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் மடிய, அதற்குக் கொலைப் புட்டி என்றே பெயர் விழுந்தது. பிரான்ஸ் 1910இல் சட்டம் போட்டு அதைத் தடைசெய்தது.

இன்றைய புட்டி அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் காம்பின் மடிப்புகளிலும் மூடியின் மரையிலும் பால் ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கவைக்க விறகோ எரிவாயுவோ நல்ல தண்ணீரோ இல்லாத இடத்தில் அது பழைய புட்டியின் வேலையையே செய்யும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியில் 2006 மே மாதம் நிலநடுக்கம் வந்தபோது பால்பொடி நன்கொடையாகக் குவிந்தது. பின்னர் ஆய்ந்ததில், பால்பொடி பெற்ற குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. பெறாதவர்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவருக்கு. பேரிடர் முகாம்களில் புட்டியைத் தவிர்த்து, வாய் திறந்த கிண்ணத்தில் புகட்டச் சொல்லும் சர்வதேச வழிகாட்டுதலுக்கு இத்தகைய ஆபத்தே காரணம். கிண்ணத்தைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். விரல் எட்டாத மூலை அதில் இல்லை.

இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் பால்பொடியோடு பால்புட்டியையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. இரண்டுக்கும் விளம்பரம் கூடாது. 2003இல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது.

பாலாடை ஆய்வுக்கூடம் போனது

1994இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர மருத்துவமனையிலிருந்து சாண்ட்ரா லாங் என்ற மகப்பேறு செவிலியரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மார்பிலோ புட்டியிலோ சப்பிக் குடிக்கத் தெரியாத, முப்பது வாரமே நிறைந்த குறைமாதக் குழந்தைகூட சிறு கிண்ணத்திலிருந்து குடிக்கிறது என்பது அதன் சாரம். இந்தியத் தாய்மாருக்கு இது புதிய சேதியல்ல. அகல்விளக்கு மாதிரி ஒரு பக்கம் மூக்கு நீண்ட பாலாடை, வெள்ளியிலோ எவர்சில்வரிலோ தலைமுறை தலைமுறையாக வீடுகளில் இருந்துவருகிறது. சங்கு, சங்கடை என்றும் அதைச் சொல்வதுண்டு.

பாலாடையை முறையாகச் சோதித்தவர்களில் முக்கியமானவர் பச்சிளங்குழந்தை மருத்துவர் இந்திரா நாராயணன். அவரும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில் நூறு குழந்தைகளுக்குப் பாலாடை, கிண்ணம், புட்டி மூன்றிலும் பால் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் அதிகப் பால் உள்ளே போனதும், குழந்தைகள் கூடுதல் நேரம் அமைதியாக இருந்ததும் பாலாடையில்தான்.

இதைப் படித்துவிட்டு இங்கிலாந்தில் ஒரு குழு பாலாடையை வரவழைத்துக் குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்தது. 2007இல் அவர்கள் எழுதியது நேர்மாறாக இருந்தது: பாலாடையில் நேரம் அதிகம் பிடித்தது, பால் அதிகம் சிந்தியது, குழந்தைகள் அதிகம் திணறினார்கள். பாத்திரம் ஒன்றுதான், பிடித்த கைகள் வேறு. கிண்ணத்திலும் இதே கதை. அமெரிக்காவில் எட்டுக் குறைமாதக் குழந்தைகளை வைத்து 2002இல் வெளிவந்த சிறு ஆய்வில், கிண்ணத்திலிருந்து போன பாலில் 38.5 சதவீதம் கழுத்துத் துணியில் கிடந்தது. துணியை எடைபோட்டுப் பார்த்திராவிட்டால் அது குழந்தையின் வயிற்றுக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

கிண்ணம் தாய்ப்பாலுக்குத் திரும்ப உதவுகிறதா? ஆஸ்திரேலியாவில் 319 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. கிண்ணத்தில் குடித்தவர்களில் வீடு திரும்பும்போது முழுக்கத் தாய்ப்பால் குடித்தவர்கள் கூடுதல். ஆனால் அவர்கள் மருத்துவமனையில் தங்கியது சுமார் பத்து நாள் அதிகம். பாதிப்பேருக்கு மேல் நடுவில் புட்டிக்கு மாறிவிட்டார்கள். துருக்கியில் 522 குழந்தைகளை வைத்து 2014இல் வந்த ஆய்வில், கிண்ணத்தால் தாய்ப்பால் பழக்கம் நீடித்தது. தங்கும் நாள் கூடவில்லை.

நிறைமாதக் குழந்தைகளைப் பற்றிய முக்கிய ஆய்வு நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் சிந்தியா ஹோவர்டு நடத்தியது. 700 குழந்தைகளைக் கொண்ட அந்த ஆய்வில் (2003) மொத்தமாகப் பார்த்தால் கிண்ணத்துக்கும் புட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிசேரியனில் பிறந்து இடைப்பால் (மார்பில் குடிப்பதற்கு மேல் தரும் கூடுதல் பால்) தேவைப்பட்ட குழந்தைகளில், கிண்ணத்தில் குடித்தவர்கள் அதிக காலம் தாய்ப்பாலில் நிலைத்தார்கள். 2019-21 குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியனாக இருந்த தமிழ்நாட்டுக்கு இது கவனிக்க வேண்டிய முடிவு. அறுவைக்குப் பின் தாய் எழுந்து உட்காரும் வரையிலான அந்த ஒன்றிரண்டு நாளில் இடைப்பால் தேவைப்பட்டால், பீய்ச்சிய சீம்பாலைப் பாலாடையில் புகட்டலாம், புட்டி தேவையில்லை.

புகட்டும் கை

பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, சங்கை வாய்க்குள் கவிழ்ப்பது ஊர்ப்பக்கம் பார்த்த காட்சி. சில சமயம் வாயைத் திறக்க வைக்க மூக்கையும் பிடிப்பார்கள். உரைமருந்து புகட்டுவதும் இப்படித்தான். ஆபத்து இந்த முறையில் இருக்கிறது. மல்லாந்து கிடக்கும் குழந்தையின் தொண்டையில் ஊற்றிய பால், மூச்சை இழுக்கும் கணத்தில் நுரையீரலுக்குள் போகும். அதில் எண்ணெய் கலந்திருந்தால் நிமோனியா இன்னும் கடுமையாகும்.

பயிற்சி பெற்ற செவிலியர் செய்வது வேறு. குழந்தை நன்றாக விழித்திருக்க வேண்டும். மடியில் ஏறக்குறைய நிமிர்த்தி உட்காரவைத்து, கை தட்டிவிடாதபடி துணியால் சுற்றி, தலையையும் முதுகையும் தாங்கிக்கொள்கிறார்கள். கிண்ணத்தின் விளிம்பைக் கீழுதட்டில் லேசாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்து அப்படியே பிடிக்கிறார்கள். அதற்குமேல் சாய்ப்பதில்லை. குறைமாதக் குழந்தை நாக்கை நீட்டிப் பாலை நக்கி எடுக்கும். நிறைமாதக் குழந்தை உறிஞ்சும். நடுவில் நிறுத்தினால் கிண்ணமும் அங்கேயே காத்திருக்கும். வாயை மூடிவிட்டால் அந்த வேளை முடிந்தது. பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடும்போதும் அடுத்த சொட்டு, முந்தையதை விழுங்கிய பிறகுதான். இந்திய ஆய்வுக்கும் இங்கிலாந்து ஆய்வுக்கும் நடுவே இருந்த தூரத்தில் பெரும்பகுதி இந்தப் பழக்கமாகவே இருக்கக்கூடும்.

டம்ளர் பாடம்

ஆறு மாதம் நிறைந்து திட உணவு தொடங்கும்போது குழந்தை வேறொரு வித்தையைக் கற்க வேண்டும். சப்புவது பிறவியிலேயே வரும். டம்ளரில் குடிப்பது பழகி வருவது. கீழ்த்தாடை அசையாமல் நிற்க வேண்டும். உதடு விளிம்பைச் சுற்றி மூட வேண்டும். வாய்க்குள் வந்த தண்ணீரை நாக்கு ஒன்றுதிரட்டிப் பின்னால் அனுப்ப வேண்டும். அந்த நொடி மூச்சு நிற்க வேண்டும். தொடக்கத்தில் பாதி மோவாய் வழியாக வழிவதும் இரண்டு இருமல் வருவதும் இயற்கை. ஒரு வயதை ஒட்டிப் பல குழந்தைகள் டம்ளர் விளிம்பைக் கடித்துக்கொண்டு குடிக்கும். தாடையைத் தானாக நிறுத்தும் பலம் வராததால், விளிம்பைப் பிடிமானமாக்கிக்கொள்கின்றன. ஏறக்குறைய இரண்டு வயதில் கடி மறைந்துவிடும்.

இதற்கு விலையுயர்ந்த சாமான் வேண்டாம். குழந்தையின் கைக்குள் அடங்கும், விளிம்பு சுருட்டிய சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். நிமிர்ந்து உட்காரவைத்து, இரண்டு வாய் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கெட்டியான ராகிக் கூழோ கஞ்சியோ மெதுவாக நகர்வதால், முதல் பாடத்துக்குத் தண்ணீரைவிடச் சுலபம். ஒன்றிரண்டு முறை விழுங்கியதும் டம்ளரை இறக்கிவிட்டால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். குழந்தை கையை நீட்டினால், அதன் கை டம்ளரைப் பிடிக்க, பெரியவர் கை அடியைத் தாங்கினால் போதும்.

சிந்தாத சிப்பர் இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடுகிறது. 1980களில் தன் மகன் சிந்துவதைச் சகிக்க முடியாமல் ரிச்சர்ட் பெலாங்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைத்த வால்வு மூடி, பின்னர் உலகமெங்கும் பரவியது. கவிழ்த்தாலும் ஒழுகாது, சப்பினால்தான் வரும். அதாவது அது கிண்ணத்தின் உருவத்தில் உள்ள புட்டி. பயணத்துக்கு உதவும். ஆனால் பாலோ பழச்சாறோ நிரப்பி நாள் முழுக்கக் குழந்தையின் கையில் விட்டால், முன்பற்களில் சர்க்கரை ஓயாமல் படிந்து சொத்தை விழும். புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிட்டாலும் இதே கதிதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் ஒரு வயது தொடங்கிப் புட்டியை விலக்கி, ஒன்றரை வயதுக்குள் அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள். ஆறாம் மாதத்திலேயே டம்ளர் பழகிய குழந்தைக்கு நிறுத்த வேண்டியது எதுவும் இருக்காது.

தாய் வேலைக்குத் திரும்பும்போது

2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் மகப்பேறு விடுப்பு 26 வாரம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. தனியார் நிறுவனத்தில் இருக்கும் தாய், குழந்தை டம்ளரைத் தொடும் வயதில் அலுவலகம் போக வேண்டியிருக்கிறது. புட்டியே பார்த்திராத குழந்தை அப்போது புட்டியைத் தள்ளினால், புட்டியைப் பழக்கப் போராடுவதைவிட, பீய்ச்சிய பாலைக் கிண்ணத்திலோ டம்ளரிலோ கொடுப்பது எளிது. முதல் சில நாள் தாயைவிடப் பாட்டியோ தாத்தாவோ கொடுப்பது நல்லது. தாய் அருகில் இருந்தால் குழந்தை டம்ளரைக் கேட்காது, மார்பைத்தான் கேட்கும்.

பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாளும் தாங்கும். சென்னை மே மாதத்து அறைக்கு நான்கு மணி நேரக் கணக்கு ஒத்துவராது. எடுத்ததும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். கதகதப்பாக்க, பால் உள்ள பாத்திரத்தை வெந்நீரில் வைத்தால் போதும். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சக் கூடாது. குடித்து மிச்சம் வைத்த பால் இரண்டு மணி நேரத்துக்குமேல் உதவாது.

சில குழந்தைகள் பகல் முழுக்க டம்ளரில் நாலைந்து வாய் குடித்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்ளும். பகலில் பார்த்துக்கொள்பவருக்குப் பதற்றம் வரும். இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடத் தோன்றும். ஆனால் மாலையில் தாய் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்தக் குழந்தை தாவிவந்து குடிக்கத் தொடங்கும்; இரவிலும் இரண்டு மூன்று முறை எழும்; விடிவதற்குள் பகல் பாக்கியைத் தீர்த்துவிடும். தாய்க்குத் தூக்கம் போகும். குழந்தையின் எடை போகாது. சிறுநீர் வழக்கம்போல் கழிந்து, மாதக் கடைசியில் எடை சரியாக ஏறியிருந்தால், பகல் டம்ளரில் மிஞ்சிய பாலைப் பற்றி மருத்துவர் எதுவும் கேட்கமாட்டார்.